அரைக் கட்டை வித்தியாசம்

இருபத்தொன்பது வயதில் என்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொண்டால் அம்மா அடிக்க வருவாள். ஆனால் உண்மை அதுதான். படிப்பு முடிந்ததிலிருந்து நான் பார்த்த வேலை இப்போது இல்லை. கடை மூடியாயிற்று, மெஷின் விற்றாயிற்று, முதலாளி மகளோடு இருக்கப் புனே போய்விட்டார். நான் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். அங்கே ஏ.சி. இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, வருகிறவர்கள் யாரும் என்னைத் திருடி என்று சொல்வதில்லை. பழைய வேலையை நினைத்து ஏங்குகிற ஆள் இல்லை நான்.

இதை எழுத வைத்தது ஒரு கேள்வி. நான் படித்த அதே ஒலிப்பதிவுப் படிப்பை இப்போது படிக்கிற பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் வைத்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒருவன் கேட்டான்: "தீதி, பழைய எட்டு டிராக் டேப்பை எதுக்கு அவ்வளவு பாடுபட்டு டிஜிட்டலா எடுக்கணும்? ஹெட்போன் ஓட்டையில ஒரு வயர் மாட்டினா போதாதா? குரல ஆப் பிரிச்சுக் குடுத்துடுமே." நான் போதாது என்று மட்டும் பதில் போட்டேன். அவன் நம்பவில்லை. நம்பாமல் இருப்பது இந்தத் தொழிலுக்கு நல்ல தொடக்கம்தான். அதனால் அவனுக்காக விவரமாக எழுதுகிறேன்.

என் பெயர் இசக்கியம்மாள். வீட்டில் இசக்கி. தாராவியில் எங்கள் சந்திலேயே அந்தப் பெயரில் நாலு பேர் உண்டு, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தேரிப் பக்கம் டிப்ளமோ படிக்கப் போன பிறகுதான் அது வேடிக்கையாயிற்று. வகுப்பில் ஒருவன் "கிஸ்கீ?" என்பான், யாருடையது என்று. இன்னொருவன் என்னைக் காட்டி "இஸ்கீ" என்பான், இவளுடையது என்று. படிப்பு முடியும்வரை அனாதையாகக் கிடந்த பேனா, டிபன் டப்பா, குடை எல்லாம் என் கணக்கில்தான் சேர்ந்தன.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், மாடியில் இருந்தது ராமநாதன் சாரின் கடை. முன்பு விளம்பரப் பாட்டுகள் பதிவு செய்யும் ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். வீட்டில் பாட்டுப் பதிவு செய்து டேப்பில் வைத்திருப்பவர்களுக்கு அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுப்பது கடையின் வேலை. முதல் நாள் பெயரைக் கேட்டார். சொன்னேன். சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"நல்ல பேர். இந்தக் கடைல எல்லார்கிட்டயும் நான் கேக்கற மொதல் கேள்வியே அதுதான். கிஸ்கீ ஹை?"

அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்று சீக்கிரமே தெரிந்தது. யார் டேப் கொண்டு வந்தாலும், வணக்கத்துக்கு முன்னால் அந்தக் கேள்வி வரும். தமிழராக இருந்தால் "யாரோடது?" அண்ணன் பாட்டைத் தம்பி தூக்கிக்கொண்டு வருவான், ஸ்டுடியோ டேப்பை டிரைவர் கொண்டு வருவான் என்பது அவர் அனுபவம். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் ஹெட்போனில் கொஞ்சம் கேட்டுவிட்டு, வாயைத் திறந்து "என்னோடது" என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. சொன்னால்தான் கோப்புகள் கை மாறும்.

வேலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அந்த டேப் பார்க்க வீடியோ கேசட் மாதிரி இருக்கும். உள்ளே எட்டுத் தனி வரிசைகள். ஒன்றில் குரல், ஒன்றில் சுருதிப் பெட்டி, ஒன்றில் மிருதங்கம் என்று தனித்தனியாகக் கிடக்கும். பார்க்கத்தான் பழைய டேப், அதில் பதிந்திருப்பது எண்கள். அந்த எண்களை எண்களாகவே கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோக ஒளியில் ஓடும் மெல்லிய கேபிள் ஒன்று உண்டு. எட்டு வரிசையும் அதற்குள் ஒரே நேரத்தில் போகும். யாருடைய கடிகாரத்துக்கு யார் ஓடுவது என்று மட்டும் முன்கூட்டியே தீர்த்துவிட வேண்டும். எங்கள் கடையில் மெஷின்தான் தலைவன், கம்ப்யூட்டர் பின்னால் ஓட வேண்டும். ஹெட்போன் ஓட்டையில் எடுத்தால் எண் மின்சாரமாகும், மின்சாரம் மறுபடி எண்ணாகும், எட்டு வரிசை இரண்டாகக் குழையும்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் சாருக்குப் போதாது. டேப்பில் ஓரிடம் படிக்க முடியாமல் போனால், மெஷின் அங்கே என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து நிரப்பிவிடும். அதை வாய்விட்டுச் சொல்லாது. அதனால் ஒவ்வொரு டேப்பையும் இரண்டு தடவை மாற்ற வேண்டும். இரண்டு பதிவுகளையும் இம்மியும் பிசகாமல் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓட்ட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், எதுவும் கேட்காது. எங்காவது 'டிக்' என்று கேட்டால் மெஷின் அங்கே பொய் சொல்லியிருக்கிறது. எண்ணிலிருந்து எண்ணைக் கழிப்பதால் சார் அதற்கு வைத்த பெயர் 'கழிச்சுப் பாக்கறது'. ஒரு நாள் வீட்டிலிருந்து போனில் "சார், ரெண்டு தடவ கழிச்சாச்சு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா வெளியே வந்தாள். "ஏட்டி, வயித்துக்கு என்ன ஆச்சு? அத ஏம்ட்டி மொதலாளிகிட்டப் போய்ச் சொல்லுத?"

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

விசாலம் மாமியும் அவர் கணவர் சந்தானமும் ஒன்றாகத்தான் முதலில் வந்தார்கள். செம்பூரில் வீடு. அவர் அணு ஆராய்ச்சி மையத்தில் கருவிகள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இன்ஜினியர், முன்பு அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். நான் அவரை அங்கிள் என்றே கூப்பிட்டேன். இருபது வருஷத்துக்கு மேலாகிறது, குவார்ட்டர்ஸின் படுக்கையறையில் மெத்தையைச் சுவரில் சாத்தி வைத்து, மாமி பாட அங்கிள் பதிவு செய்திருக்கிறார். நவராத்திரிக்கு நாளுக்கு ஒன்றாக ஒன்பது பாட்டு, கடைசியில் மங்களம். எல்லாம் மாமி கட்டிய பாட்டுகள். அதைக் கேசட் போட்டு மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கொலு வைக்கிற வீடுகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார்கள்.

"யாரோடது?" என்றார் சார்.

"பாடினது நான்" என்றார் மாமி.

"ரெக்கார்ட் பண்ணினது நான்" என்றார் அங்கிள்.

"ரெண்டு பேரும் ஒரே வீட்லதானே இருக்கேள்?"

"இதுவரைக்கும்" என்றார் மாமி.

மாமிக்குத் தன் குரல் தனியாக வேண்டும். கோவில் கமிட்டிக்காரர்கள் இந்த நவராத்திரிக்கு அதே ஒன்பது பாட்டை மேடையில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "என் கொரலத் தனியாக் கேட்டுட்டுதான் பதில் சொல்லணும்" என்றார்.

அங்கிள் அதற்குள் குறுக்கே வந்தார். "எட்டு டிராக் எதுக்கு? கேசட்லேந்து எடுத்துக் குடுத்தாப் போறும். அதுதான் ஃபைனல்." பிறகு ஒரே ஒரு டேப்பை மேஜையில் வைத்தார். ஐந்து பாட்டு இருந்த முதல் டேப்.

"இன்னொண்ணு இருக்கணுமே" என்றேன்.

"அது பூஞ்சை பிடிச்சுடுத்து. உள்ள போட்டா உங்க மெஷின் ஹெட் போயிடும். உங்க நல்லதுக்குத்தான் கொண்டு வரல."

அவர்கள் படி இறங்கியதும் சார் கேட்டார். "நம்ம நல்லதுக்குன்னு யாராவது சொன்னா நீ என்ன பண்ணணும்?"

"சந்தேகப்படணும் சார்."

"சரி, டீ சொல்லு."

முதல் டேப் ஒரு தொல்லையும் கொடுக்கவில்லை. இரண்டு தடவை ஓடியது, கழித்தேன், எதுவும் மிஞ்சவில்லை. மாமி மட்டும் வந்து கேட்டார். மிருதங்கம் இல்லாமல், சுருதி இல்லாமல், மெத்தை சாத்திய அறையில் அவர் குரல் மட்டும். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு "என்னுதுதான்" என்றார். அத்தோடு எழுந்து போகவில்லை. கைப்பையிலிருந்து ரவிக்கைத் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தார். இரண்டாவது டேப்.

"பூஞ்சை இருக்கா பாரு."

மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன். மோந்து பார்த்தேன். "எங்க வீட்டு ஊறுகா பாட்டிலவிட சுத்தமா இருக்கு மாமி."

"எனக்கும் அப்படித்தான் பட்டுது. பீரோல என் பொடவைக்கு அடீல இருந்தது. நான் அங்க வெச்சதில்ல."

அப்புறம் மெதுவாகச் சொன்னார். கேசட் வந்த அடுத்த நவராத்திரிக்குக் கோவில் ஹாலில் அவர் கச்சேரி. முதல் ஐந்து பாட்டும் நன்றாகப் போயிற்று. ஆறாவது பாட்டுக்கு ஆர்மோனியக்காரர் கேசட்டில் இருக்கிறபடியே சுருதியை அரைக் கட்டை ஏற்றினார். கேசட்டைக் கேட்டுப் பாடிப் பழகிய பெண்கள் கூட்டம் முழுக்க அந்தச் சுருதியில் நின்றது. மாமியின் தொண்டை மட்டும் எட்டவில்லை. ஏழாவது பாட்டில் பிசிறியது. மங்களத்தை வேறு யாரோ முடித்தார்கள்.

"கேசட்ல மாத்திரம் எப்படி அஞ்சரைக் கட்டைல பாடினேன்னு எனக்கே புரியல. பெட்டிய அஞ்சுலதான் வெச்ச ஞாபகம். திருகு நகர்ந்திருக்கும், அன்னிக்கு அம்பாள் தூக்கிவிட்டா, நானும் பாடிட்டேன்னு நெனச்சுண்டேன். அப்பறம் அவ கையை எடுத்துட்டா. டாக்டர்கிட்டப் போனேன், தொண்டைல ஒண்ணுமில்லைன்னார். ஒண்ணுமில்லாமயா ஒருத்திக்குக் கொரல் போகும்? நான்தான் ஏதோ தப்புப் பண்ணிருக்கேன்னு விட்டுட்டேன். ஒரு தடவையாவது அது எனக்கு நெஜமா வந்துதான்னு தெரியணும். அவ்வளவுதான்."

மாமியை உட்காரவைத்துக்கொண்டே இரண்டாவது டேப்பை ஓட்டினேன். குரல் வரிசையை மட்டும் திறந்து ஹெட்போனைக் கொடுத்தேன். ஆறாவது பாட்டு தொடங்கியது. மாமியின் முகம் முதலில் யோசனையில் இருந்தது, பிறகு இறுகியது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இது நான் இல்ல."

சார் தன் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "என்ன மாமி?"

"எறக்கமா இருக்கு. இழுத்துண்டு போறது. வேற யாரோ பாடினதை மாத்தி வெச்சிருக்கேள். இல்லாட்டா உங்க மெஷின் ஓட்டை."

"வார்த்தை அதே வார்த்தைதானே?"

"வார்த்தையை யார் வேணா பாடலாம். இந்தத் திருடி கேட்டதும் டேப்பைத் தூக்கிக் குடுத்தேனே, என்னைச் சொல்லணும்." கைப்பையிலிருந்து பழைய கேசட்டை எடுத்து வைத்தார். "இதைக் கேளுங்கோ. இதுதான் நான்."

அவர் போன பிறகு சார் மாமியைச் சந்தேகப்படவில்லை, என்னைச் சந்தேகப்பட்டார். அதுதான் முறை. கம்ப்யூட்டருக்கும் மெஷினுக்கும் கடிகாரம் ஒத்துப்போகாவிட்டால் பாட்டு இறங்கும், இது இந்தத் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது வாங்கும் அடி. நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் எண்ணாகப் பதிந்ததை நாற்பத்து நாலாயிரத்துச் சொச்சமாக ஓட்டினால் குரல் கனத்துத் தூங்கி வழியும்.

"எவ்வளவு எறங்கும்?" என்றார் சார்.

"முக்கால் கட்டை வரும் சார். இது அரைதான் எறங்கியிருக்கு."

"செட்டிங்?"

"நாப்பத்தெட்டுலதான் இருக்கு. கம்ப்யூட்டர் மெஷின் பின்னாலதான் ஓடிச்சு."

"கழிச்சியா?"

மறுபடி இரண்டு தடவை ஓட்டிக் கழித்தேன். நான்கு பாட்டும் மங்களமும் முழுக்க ஓடி முடிந்தன, 'டிக்' என்றுகூட ஓரிடத்திலும் கேட்கவில்லை. மெஷின் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் வேறு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கேசட்டை டெக்கில் போட்டேன். முதல் பக்கத்து ஐந்து பாட்டும் முதல் டேப்போடு அச்சாகப் பொருந்தின. திருப்பிப் போட்டால் இரண்டாம் பக்கம் அரைக் கட்டை மேலே நின்றது. "டெக் கோளாறுன்னா ரெண்டு பக்கமும் தப்பணும்" என்று சார் முணுமுணுத்தார். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. வீட்டில் பதிவு செய்த எதிலும் அடியில் கரண்ட்டின் உறுமல் ஓடும். எவ்வளவு மெத்தை சாத்தினாலும் போகாது. நம் ஊர் கரண்ட் நொடிக்கு ஐம்பது தடவை ஆடும், அதனால் உறுமலும் ஐம்பதில் நிற்கும். முதல் டேப்பில் பார்த்தேன், ஐம்பது. இரண்டாவது டேப்பில் ஐம்பது. கேசட்டின் முதல் பக்கம் ஐம்பது. இரண்டாம் பக்கம் ஐம்பத்து மூன்று.

திரையைச் சாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "கேசட் போடறச்சே யாரோ வேகத்தைக் கூட்டிருக்கா" என்றார். அப்போது அவர் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாடிக்கையாளரோடு எப்போதும் என் முன்னால்தான் பேசுவார். அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

மறுநாள் மாமி வந்தார். எண்களை விளக்கினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"அம்பது, அம்பத்து மூணு எல்லாம் அவரோட பாஷை. எனக்கு வேண்டாம். ஒண்ணு கேக்கறேன், பொய் சொல்லாம சொல்லு. அவர் உங்களுக்கு போன் பண்ணினாரா? விசாலம் மனசு கஷ்டப்படறா, அவ தொண்டை போகலைன்னு ஏதாவது பண்ணிக் காமிச்சுடுங்கோன்னு சொன்னாரா?"

நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். மூடிய பால்கனிக் கதவு ஞாபகம் வந்தது. அந்த ஒரு நொடியில் எனக்கும் அவர் மேல் நம்பிக்கை போயிற்று.

"பண்ணினார்" என்றார் சார். "காமிக்கச் சொல்லல. ரெண்டாவது டேப் வந்தா ஓட்டாதீங்கோன்னு சொன்னார். வந்துதா இல்லையான்னு நான் சொல்லல. யார் டேப்போ அவாகிட்டதான் பேசுவேன்னு வெச்சுட்டேன்."

மாமி ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு, கடைசி மங்களத்தைப் போடச் சொன்னார். போட்டேன். பாதியில் கையை உயர்த்தினார். "அந்த எடம். திரும்ப." மங்களத்தின் முடிவில் பூஜை மணி அடிக்கும் சத்தம் இருந்தது. பாடிக்கொண்டே மாமி கையால் அடித்திருக்கிறார். மூன்று தடவை அந்த இடத்தையே கேட்டார்.

"நாளைக்கு வரேன். எதையும் தொடாதீங்கோ."

மறுநாள் அங்கிளும் கூட வந்தார். கூட வந்தார் என்பதைவிடப் பின்னால் வந்தார் என்பது சரி. செம்பூரிலிருந்து கிங்ஸ் சர்க்கிள்வரை பஸ்ஸில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மாமி உட்கார்ந்து, பையைத் திறந்து, பித்தளை மணியை மடியில் வைத்துக்கொண்டார். நாக்கு ஆடாதபடி அதற்குள் கைக்குட்டையைத் திணித்திருந்தார்.

"இது என் கல்யாணத்துக்கு வந்தது. அன்னிக்கு அடிச்சதும் இதுதான். எனக்குத் தொண்டை போகலாம். இதுக்குப் போகாது. கேசட்டப் போடு."

கேசட்டின் இரண்டாம் பக்க மங்களத்தை ஸ்பீக்கரில் விட்டேன். மணி ஒலித்தது. மாமி கைக்குட்டையை உருவிவிட்டு மடியிலிருந்த மணியை அடித்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. பக்கத்து வீட்டு மணியும் நம் வீட்டு மணியும் ஒரே நேரத்தில் அடித்த மாதிரி பல்லைக் கூச வைத்தது.

"இப்போ டேப்பு."

டேப்பிலிருந்து எடுத்ததைப் போட்டேன். மணி ஒலித்தது. மாமி அடித்தார். எது ஸ்பீக்கரில் வந்தது, எது மடியில் வந்தது என்று எனக்கே பிரிக்க முடியவில்லை. அவர் இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. அப்புறம் கைக்குட்டையை மறுபடி மணிக்குள் திணித்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் அங்கிளைப் பார்த்தார்.

அங்கிள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பத்து மூன்று அங்கே அப்படியே நின்றது.

"பம்பாய் கரண்ட்ல அம்பத்து மூணு ஒரு நாளும் வந்ததில்ல" என்றார், யாரும் கேட்காமலே. "அதுக்கு முன்னாடியே எல்லாம் ட்ரிப் ஆயிடும்."

"அப்போ?" என்றார் மாமி.

"கேசட் ஒரு பக்கம் அரை மணிதான். முதல் பக்கம் சரியா இருந்தது. ரெண்டாவது பக்கத்துல மங்களம் முடியறதுக்குள்ள டேப் தீர்ந்து போறது. மங்களம் பாதில நின்னா எந்தாத்துல வெச்சுப்பா? அமங்கலம்பா. வேகம் கூட்டற பித்தானை அமுக்கினேன். சரியா உக்காந்துது."

"ஒரு பாட்டை எடுத்திருக்கலாம்."

"ஒம்பது நாள். எந்த நாளை எடுக்கறது?"

"என்னைக் கேட்டிருக்கலாம்."

"ஆறு பர்சென்ட்தான் விசாலம். காதுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"உங்க ஆபீஸ் மீட்டர்ல ஆறு பர்சென்ட் தப்பு இருந்தா விட்டுடுவேளா?"

"அங்க ஒண்ணுக்கு மேல போனாலே கழட்டிடுவோம்."

"நானும் கழண்டுதானே போனேன்."

சார் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை, கேபிளைச் சுருட்டத் தொடங்கினேன்.

"எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?" மாமியின் குரல் உயரவில்லை.

"ஹால்ல. நீ ஆறாவது பாட்டு ஆரம்பிச்சப்போ."

"அப்பறம் ஏன் சொல்லல?"

"எல்லாரும் கேசட் பிரமாதம்னா. நீயும் அம்பாள் பாட வெச்சான்னு சந்தோஷமா சொல்லிண்டிருந்தே."

"அது கச்சேரிக்கு முன்னாடி. அப்பறம் நான் சந்தோஷமாவா இருந்தேன்?"

அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

மாமி மணியைப் பையில் வைத்தார். "அப்போ அன்னிக்கு அம்பாள் வரல" என்றார், பாதி தனக்குத்தானே. பையை மூடிவிட்டு, "அவ எதுக்கு வரணும்? நான்தான் ஒழுங்காப் பாடிருக்கேனே."

சார் திரும்பினார். எவ்வளவு இக்கட்டாக இருந்தாலும் முறையை விடுகிற ஆள் இல்லை அவர். "யாரோடதுன்னு சொல்லிட்டேள்னா கோப்புகளைக் குடுத்துடலாம்."

"பாட்டு என்னுது" என்றார் மாமி. "கேசட் அவரோடது."

அங்கேயே உட்கார்ந்து கோவில் கமிட்டிக்குப் போன் போட்டார். "விசாலம் பேசறேன். வரேன். பெட்டிய நாலரைக் கட்டைல வெச்சுடுங்கோ. ஆமா, நாலரைதான், இப்போ எனக்கு அதுதான். நடுவுல யாரும் ஏத்தப்படாது. கேசட்டக் கேட்டு யாரும் பழகப்படாது, நான் புதுசா அனுப்பறேன்."

என்னைக் கேள்வி கேட்ட தம்பிக்கு இப்போது சொல்கிறேன். நான் ஹெட்போன் ஓட்டையில் வயரை மாட்டி எடுத்திருந்தால், கழித்துப் பார்த்திருக்கவே முடியாது. அப்படி எடுத்த இரண்டு பதிவுகள் ஒன்றை ஒன்று முழுதாகத் தின்பதே இல்லை, எப்போதும் ஏதோ மிஞ்சும். மாமி என்னைத் திருடி என்றபோது என்னிடம் பதில் இருந்திருக்காது. கேசட்டிலிருந்து ஆப் குரலைப் பிரித்திருக்கும், சந்தேகமில்லை. ஐந்தரைக் கட்டையில், மிகச் சுத்தமாக, மாமி ஒரு நாளும் பாடாத ஒரு குரலைப் பிரித்துக் கொடுத்திருக்கும். மெஷினைச் சந்தேகப்பட்டு முடித்த பிறகுதான் மனுஷரைச் சந்தேகப்பட உனக்கு உரிமை வரும்.

நவராத்திரிக்கு மாமி கூப்பிட்டிருந்தார். போனேன். உண்மையைச் சொன்னால், வாழ்த்தப் போகவில்லை, சரிபார்க்கத்தான் போனேன். ஆறாவது பாட்டில் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அங்கிள் மேடையோரம் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கச்சேரி முழுக்க அதன் திருகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆர்மோனியக்காரர் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கையை நீட்டியபோதுகூட அங்கிளின் கை முன்னால் வந்தது.

ஆறாவது பாட்டு வந்தது. சுருதி நகரவில்லை. மாமியின் குரலில் வயது இருந்தது, பிசிறு இல்லை. ஏழு, எட்டு, ஒன்பது. மங்களத்துக்குத் தானே மணியை எடுத்து அடித்தார். நிதானமாக, யாரும் துரத்தாத வேகத்தில் முடித்தார். கூட்டம் எழுந்து பிரசாதத்துக்கு நகர்ந்தது. அங்கிள் சுருதிப் பெட்டியை அணைத்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு என் வரிசைப் பக்கம் வந்தார். எனக்குப் பின்னால் ஒரு மாமி இன்னொருவரிடம் சொல்வது கேட்டது.

"நன்னாத்தான் பாடினா. ஆனா கேசட்ல இருக்கற மாதிரி இல்லையே."

நான் திரும்புவதற்கு முன்னால் அங்கிள் நின்றுவிட்டார்.

"கேசட்தான் தப்பு" என்றார் அந்த மாமியிடம். "அதுல ஆறு பர்சென்ட் என்னோடது."